இல்லறத்தாரும் இல்லத் தச்சரும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். இவற்றுள் உறையுள் என்பது ஒருமுறை அமைத்துவிட்டால் முடிந்துபோகும் பொருளன்று. நிலை சாயும்; கதவு தழையும்; கைமரம் உளுத்துப்போம்; கூரை ஒழுகும். ஆதலின், மனைகோலிய நாள் தொடங்கி ஒரு வீட்டாருக்கும் தச்சருக்கும் உண்டாகும் தொடர்பு தலைமுறைதோறும் நீண்டு செல்வதாகும். அத்தொடர்பு நம் சேதுநாட்டுக் கடற்கரையில் பண்டு எவ்வாறு இருந்தது, இடையே எவ்வாறு மாறிற்று, இனி எவ்வாறு இருத்தல் தகும் என்பவற்றை, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தேம்.

நூல்களிற் காணும் தச்சர்

மயமதம் முதலிய சிற்ப நூல்கள் கட்டடத் தொழிலோரை நால்வராகப் பகுத்துக் கூறும். அவர் ஸ்தபதி, சூத்திரக்கிராகி, வர்த்தகி, தக்ஷகன் என்போர். முழுமையும் நினைந்து வகுப்போன் ஸ்தபதி. நூல்பிடித்து அளவு குறிப்போன் சூத்திரக்கிராகி. உறுப்புக்களை இணைத்துச் சேர்ப்போன் வர்த்தகி. கல்லையும் மரத்தையும் செதுக்குவோன் தக்ஷகன். தச்சன் என்னும் சொல் இத்தக்ஷகன் என்பதனோடு உறவுடையதென்று சொல்லாராய்வோர் கூறுவர். இற்றைநாளில் ஒரு வீட்டுக் கதவைச் செப்பனிடப் புகும் ஆசாரியார் ஒருவரே இந்நால்வர் தொழிலையும் தம் ஒரு கையாற் செய்கின்றார். அவரே அளக்கின்றார், அவரே அறுக்கின்றார், அவரே இணைக்கின்றார், எது தகும், எது தகாது என்று வீட்டாருக்கு எடுத்துரைப்பவரும் அவரே.

சங்கச் செய்யுட்களிலோ தச்சர் பெருமை பலவிடத்துங் காணப்படும். அதியமானைப் பாடவந்த ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்க்காலை அம்மன்னனுக்கு உவமை கூறினார். இவ்வுவமையில் ஒரு தொழிலுண்மை அடங்கிக் கிடக்கின்றது. விரைந்து செய்ய வல்லவன் எல்லாவற்றையும் விரைந்து செய்வதில்லை; எவ்விடத்து விரைதல் வேண்டும், எவ்விடத்துத் தாழ்த்தல் வேண்டும் என்று அறிந்தவனே வல்லவன். கூலியைப் பற்றிப் பின்னர்ப் பேசும்போது இதனை மீண்டும் நினைவுகூர்வோம்.

அவ்வௌவையாரே மற்றொரு செய்யுளில், பரிசில் நீட்டித்த அதியமானுடைய வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பேசுகின்றார். கைத்தொழில் வல்ல தச்சன் சிறுவர், மழுவை ஏந்திக் காட்டினுள் நுழைந்தால் அவர்க்கு எத்திசையிலும் மரம் உண்டு. அவ்வாறே கற்றார்க்கு எத்திசையிலும் சோறு உண்டு என்பது அதன் கருத்து. புலவர் தம் தலைநிமிர்வைக் காட்டுதற்கு அரசரையோ வணிகரையோ உவமை கூறாது, தச்சர் வீட்டுப் பிள்ளைகளை உவமை கூறினார் என்பது நம்மனோர் எஞ்ஞான்றும் மறத்தற்குரியதன்று.

இனி, பாண்டியன் நெடுஞ்செழியன்மேற் பாடப்பெற்றதெனக் கூறப்படும் நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனைவகுத்த முறை சொல்லப்படுகின்றது. கோல்நாட்டி ஞாயிற்றின் நிழலால் திசை அறிந்ததும், நூலறிந்தோர் நுண்ணிதாகக் கயிறிட்டு அளந்ததும், நெடிய நிலைக்கு நெய்யணிந்து வெண்சிறுகடுகு அப்பியதும், கைவல்ல கம்மியன் இடைவெளி தோன்றாதவாறு கதவை இறுக இணைத்ததும் அதன்கட் காணலாம். இன்றும் நிலைவைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பூச்சூட்டி, ஆசாரியாருக்கு வேட்டி, துண்டு, தாம்பூலம் வைத்து வழங்கும் வழக்கம் அப்பழைய மரபின் வழித்தோன்றல் போலும்.

மணிமேகலை ஆசிரியர், சோழ வேந்தனது மண்டபத்தைக் கூறுமிடத்து, மகதத்தினின்றும் மராட்டத்தினின்றும் அவந்தியினின்றும் வந்த வினைஞரோடு யவன நாட்டுத் தச்சரும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் கூடிச் செய்தனர் என்று உரைக்கின்றார். தொழிலுக்கு நாட்டெல்லை அக்காலத்தும் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

கடற்கரையும் மரமும்

யவனர் வந்து சென்ற கரை நம் கரையே. வைகை கடலொடு கலக்குமிடத்துக்கு அணித்தாகிய அழகன்குளத்தில் 1986 முதலாகத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, உரோம நாணயங்களும் மட்கலங்களும், கப்பலின் உருவம் கீறப்பட்ட ஓடும் வெளிப்பட்டன. கப்பல் வரும் துறையில் கப்பலைச் செப்பனிடும் கையும் இருந்தே தீரும். வள்ளம், வத்தை, தோணி என்னும் மரக்கலங்களைக் கட்டும் தொழிலும், வீட்டுக்கு நிலையும் கதவும் செய்யும் தொழிலும் இக்கரையில் அண்டை அயலாக வளர்ந்தன. மரக்கலத்திற் பலகையோடு பலகை இணையும் இடத்தில் நீர் புகாமை வேண்டும். வீட்டுக் கதவிலோ காற்றும் மழையும் புகாமை வேண்டும். இரண்டிற்கும் வேண்டப்படும் அறிவு ஒன்றே.

ஆயினும், இராமநாதபுரச் சீமை காடு அடர்ந்த நாடன்று. தேக்கும் கடம்பும் ஓங்கும் மலை நமக்கு இல்லை. நமக்கு இயற்கை அளித்த வீட்டுமரம் பனையே. பனையின் நடுப்பகுதி பஞ்சு போன்றது, புறப்பகுதியே வைரம். மரம் முதிருந்தோறும் அவ்வைரம் கறுத்துத் தடிக்கும். இளமரத்தை வெட்டிக் கைமரமிட்டோன் சில ஆண்டுகளில் வருந்துவான். முதுமரத்தை வெட்டி இட்டோன் பேரன் காலத்தும் அதே கூரையின்கீழ் இருப்பான். மரத்தின் வயதைத் தட்டிப் பார்த்தும் செதுக்கிப் பார்த்தும் சொல்ல வல்லவர் தச்சர். பூவரசும் வேம்பும் வாகையும் கதவுக்கும் பெட்டிக்கும் கட்டிலுக்கும் உதவின. நாட்டுக் கருவேல் கலப்பைக்கும் வண்டிக்கும் உதவிற்று. கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்தினின்றும் பனஞ்சட்டங்கள் ஒல்லாந்தர் காலத்திலே சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாயின.

கரையோர ஊர்களிற் பழைய வீடுகள் பல முருகைக்கல்லாற் சுவரெடுத்துச் சுண்ணம் பூசப்பெற்றவை. முருகைக்கல் எடுத்தல் இப்போது சட்டத்தால் விலக்கப்பட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. அத்தகைய பழஞ்சுவரில் நிலையைக் கழற்றி மாற்றுதல் செங்கற்சுவரில் மாற்றுவதுபோல் எளிதன்று. சுவர் இடிந்து வீழாவண்ணம் முட்டுக்கொடுத்து, நிலையைத் துண்டாக அறுத்தெடுத்து, புதியதைப் பொருத்தல் வேண்டும். இது பழகிய உள்ளூர்த் தச்சருக்கன்றிப் பிறர்க்கு ஏலாது.

உப்புக் காற்றும் இக்கரையில் ஒரு பகையாகும். இரும்பாணி விரைவில் துருவேறி வீங்கி, தன்னைச் சூழ்ந்த மரத்தைப் பிளந்துவிடும். அதனை அறிந்த முன்னோர், கழுந்து செதுக்கித் துளையிற் செருகி, மரவாணி அடித்து இணைத்தனர். கதவையும் கீலின்றிக் குடுமியில் நிறுத்திச் சுழலவிட்டனர். காற்றின் வலிமை எத்தகையது என்பதை 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் உலகறியக் காட்டிற்று. அத்தகைய கரையில் கூரையின் ஒவ்வொரு பொருத்தும் உயிர்காக்கும் பொருத்தாகும்.

மூவகைக் கூலி

தச்சரை அமர்த்திக்கொள்ளும் முறை நம் நாட்டில் மூவகையாய் வந்துள்ளது. அவை குடிமை முறை, நாட்கூலி முறை, ஒப்பந்த முறை என்பன.

குடிமை முறையே பழையது. ஊர்த் தச்சர் ஆண்டு முழுதும் குடியானவர்க்குக் கலப்பையும் நுகமும் ஏற்றமும் செப்பனிட்டுக் கொடுப்பார். கதவு தழைந்தால் வந்து தூக்கி நிறுத்துவார். அவ்வப்போது காசு பெறமாட்டார். அறுவடை நாளிற் களத்திலேயே அவர்க்குரிய நெல் அளக்கப்படும். இதற்கு மேரை என்றும், சுதந்திரம் என்றும் பெயர். இன்று விடுதலை என்னும் பொருளில் வழங்கும் இச்சொல், அன்று களத்து நெல்லில் ஒரு தொழிலாளிக்குள்ள உரிமைப் பங்கைக் குறித்தது என்பதை இளைஞர் அறிந்துகொள்ளல் நன்று. 1909-இல் ஆனந்த குமாரசுவாமி என்னும் அறிஞர் எழுதிய இந்தியக் கைவினைஞரைப் பற்றிய நூலில், இச்சிற்றூர்த் தொழிலாளர் நிலையை முதற்கண் வைத்து விரித்துரைத்தார்.

இம்முறையின் நன்மை யாதெனின், செய்தவனே மீண்டும் செப்பனிட வேண்டியிருந்தமையாற் கேடுபட்ட வேலை செய்யமாட்டான். வறட்சி வரினும் வீட்டார் அவனைக் கைவிடமாட்டார். தீமையோ சிறிதன்று. நெல்லோடு தாழ்வும் சேர்த்து அளக்கப்பட்டது. இதற்குச் சான்று தேடிக் கொங்கு நாட்டுக் கரூர் வரை செல்லல் வேண்டும். ஆங்குப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மை கொண்டான் என்னும் பட்டம் பூண்ட மன்னன் ஒருவன் கம்மாளருக்கு அளித்த உரிமைகளைக் கூறும் கல்வெட்டு ஒன்றுளது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், முரசு கொட்டலாம், புறம்போகும்போது செருப்பணியலாம், தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசலாம் என்பன அவ்வுரிமைகள். எண்ணிப் பாருங்கள்! பிறர் மாளிகைக்குச் சுவரெடுத்து நிலைநாட்டிய கை, தன் இல்லத்துச் சுவருக்குச் சாந்து பூச அரசனாணை பெறவேண்டியிருந்தது. கொடுக்கப்பட்ட உரிமையைப் படிக்குங்கால், அதற்குமுன் மறுக்கப்பட்டிருந்தது யாதென்பதும் உடன் விளங்குகின்றது. ஆதலின், பழைய முறை முழுதும் பொற்காலமென்று புகழ்வார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

1803-இல் நிலையான தீர்வை விதிக்கப்பெற்று ஜமீனாகிய இராமநாதபுரம், 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசினர் வசமாயிற்று. பணப்புழக்கமும் மிகுந்தது, களத்துமேரை மெல்ல மெல்ல மறைந்தது. நாடு சுதந்திரம் பெற்ற தலைமுறையிலே தச்சர் தம் களத்துச் சுதந்திரத்தை இழந்து, நாட்கூலியாளர் ஆயினர். தாழ்வு குறைந்தது மெய்யே. உறுதியும் உடன் குறைந்தது.

இதற்கு இடையில் ஒப்பந்த முறையும் தலையெடுத்தது. கீழ்ப்பர்மா 1852-இலும், மேற்பர்மா 1885-இலும் ஆங்கிலேயர் வசமாயின. நகரத்தார் அங்குக் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பொருளீட்டினர். பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. அக்காலத்து இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த செட்டிநாட்டூர்களில் எழுந்த மாளிகைகளின் தூண்களும் நிலைகளும் நம்மவர் கைத்திறத்தை இன்றும் பறைசாற்றி நிற்கின்றன. ஒரு நிலையைச் செதுக்குதற்கே பல திங்கள் ஆகும் வேலைக்கு நாட்கணக்கு ஒவ்வாது. தொகைபேசி முன்பணம் வாங்கிக் கூட்டாகச் செய்தனர். 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வாணிகம் அற்றது, தேக்கும் அருகிற்று. அம்மாளிகைகள் சிலவற்றினின்று கழற்றப்பட்ட கதவுகளும் தூண்களும் இன்று காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. கதவைச் செப்பனிட ஆளில்லை என்று விற்போரும் உளர். அக்கதவையே பெருவிலை கொடுத்து வாங்கித் தம் புதுவீட்டிற் பொருத்தத் தச்சரைத் தேடுவோரும் உளர். இதனினும் வியப்பு வேறு வேண்டுமோ?

அமர்த்தும்போது பேசிக்கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. வீட்டாருக்கும் தச்சருக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் தொழிற்குறையால் அன்று. தொடக்கத்தில் தெளிவாகப் பேசிக்கொள்ளாமையால் வருவதே மிகுதி. எம் ஊரில் ஒரு வீட்டார் பழைய மாடக்கதவு ஒன்றைச் செப்பனிட ஒரு தொகை பேசினர். கதவைக் கழற்றியபின் நிலையின் அடியும் கறையான் அரித்திருந்தது கண்டனர். 'இதற்கும் சேர்த்தே பேசினோம்' என்றார் வீட்டார். 'கதவுக்கு மட்டுமே பேசினோம்' என்றார் ஆசாரியார். இருவரும் பொய்யர் அல்லர். பேச்சிற் பொய்யில்லை, தெளிவுதான் இல்லை. ஆதலின் இரு திறத்தாரும் கடைப்பிடித்தற்குரிய சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, அளவு. நம் முன்னோர் பயன்படுத்திய தச்சுமுழம் முப்பத்துமூன்று அங்குலம் கொண்டது. அஃதாவது ஏறத்தாழ 84 செண்டிமீட்டர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் அளவு நாட்டுக்குப் பொதுவாயிற்று. எனினும் வீட்டார் அடியிற் பேசுவர். மரக்கடைக்காரர் கன அடியிற் பேசுவர். முதிய ஆசாரியார் முழத்திற் பேசுவர். எந்த அளவாயினும் இருவரும் ஒன்றையே கொண்டு, அதனைத் தாளில் எழுதிக்கொள்க.

இரண்டாவது, மரம். இன்ன மரம், இன்னார் வாங்குவது, எவ்வளவு உலர்ந்தது என்பன முன்னரே தெளிதல் வேண்டும். ஈரமரத்திற் செய்த கதவு எத்துணை வல்லவர் செய்யினும் உலருங்கால் வளையும். பழி மட்டும் ஆசாரியார் தலையில் விழும். பனையை வெட்டுதற்கு 2021-இல் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமென அரசு அறிவித்துள்ளதையும் நினைவிற் கொள்க. இடிக்கப்படும் பழைய வீட்டின் முதிர்ந்த பனங்கைகளை விறகுக்குத் தள்ளிவிடாது ஆசாரியாரிடம் காட்டுதல் அறிவுடைமை.

மூன்றாவது, கூலி. புதிதாகச் செய்யும் நிலை, கதவு, அலமாரி போன்றவற்றுக்குத் தொகை பேசுதல் ஏற்கும். வேலையின் எல்லை முன்னரே புலப்படுவதால் என்க. பழையதைச் செப்பனிடுதற்கு நாட்கூலியே நேரிது. திறந்து பார்க்கும்வரை அதன் எல்லை எவர்க்கும் தெரியாது. நாட்கூலியாளர் மெல்லச் செய்வர் என்று வீட்டார் ஐயுறுவர். தொகைக்குச் செய்வோர் விரைந்து முடிப்பர் என்றும் அஞ்சுவர். எட்டுத் தேர் செய்யவல்லவன் ஒரு சக்கரத்துக்குத் திங்கள் முழுதும் எடுத்துக்கொண்ட கதையை இருவரும் நினைப்பாராக. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்தபின் அதற்குரிய பணத்தைத் தாழாது கொடுத்துவிடின், இவ்வையத்துக்கும் அச்சத்துக்கும் இடமில்லை.

நான்காவது, பருவம். ஐப்பசி கார்த்திகையில் வாடைமழையால் மரம் நீர்கொண்டு வீங்கும். கதவு நிலையிற் பிடிக்கும். அப்போதே இழைப்புளி கொண்டு நிரம்ப இழைத்துவிடின், பங்குனி சித்திரையில் மரம் உலர்ந்து சுருங்கி, விரல் நுழையும் சந்து தோன்றும். 'தை வரட்டும், பார்த்து இழைப்போம்' என்று சொல்லும் ஆசாரியார் சோம்பர் அல்லர், அவரே அறிந்தவர். இக்கரையில் இரும்புத் திருகாணியை விலக்கிப் பித்தளையோ துருவேறா எஃகோ கேட்பவரும் செலவை ஏற்றுபவர் அல்லர். பின்வரும் செலவைக் குறைப்பவர்.

ஐந்தாவது, காப்பு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் நம் மாநிலத்தில் 1994-இல் அமைக்கப்பெற்றது. தச்சரும் அதிற் பதிவு செய்துகொள்ளலாம். ஏணியினின்று விழுந்து கைமுறிந்தபின் பதிவைப் பற்றி எண்ணுவதாற் பயன் யாது? நம் உறுப்பினருள் பதிவு செய்யாதார் இத்திங்களே செய்க.

பிள்ளைகளும் தொழிலும்

இறுதியாக, ஆசிரியத் தொழில் செய்யும் எம் உள்ளத்தை நெடுநாளாக வருத்தும் ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஒருகால் வகுப்பில் மாணாக்கரை நோக்கி, 'நும் தந்தையார் செய்தொழில் யாது?' என வினவினேம். தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவன் தலைகவிழ்ந்து, 'கூலி வேலை, ஐயா' என்றான். அவன் தந்தையார் செய்த வாசற்கதவு அவ்வூரிற் பலரும் நின்று பார்த்துச் செல்லும் கதவு. அன்று பாடத்தை ஒதுக்கிவைத்து, ஔவையார் வாயிற்காவலனுக்குச் சொன்ன செய்யுளை வகுப்புக்கு உரைத்தேம். மழுவேந்திய சிறுவரைச் சொல்லுமிடத்து அவன் தலை நிமிர்ந்தது.

ஆனால் தொழிலைப் பெருமைப்படுத்துதல் வேறு. பிறப்பாற் கட்டுதல் வேறு. 1953-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் தம் வீட்டுத் தொழிலிலும் இருக்க வகுத்தது. அதனைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 17-இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டத்தில், பதினெட்டுத் தொழில்களுள் தச்சும் படகு கட்டுதலும் இடம்பெற்றன. அத்திட்டம் பிறப்பு வழித் தொழிலை வற்புறுத்துகின்றதென்று கூறித் தமிழக அரசு அதனை ஏலாது, 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கிற்று. இவ்விரண்டனுள் எது மேலென்று ஈண்டு வழக்காட வந்தேமல்லேம். எழுபது ஆண்டுக்கு முன் எழுந்த வினா இன்னும் விடைபெறாது நிற்கின்றது என்பதை மட்டும் சுட்டுகின்றேம்.

எம் கருத்து இது. தச்சர் மகன் தச்சனே ஆகவேண்டும் என்பது அறமன்று, மருத்துவனாகட்டும், மாலுமியாகட்டும். தச்சர் மகள் உளியெடுக்க விரும்பின் அதுவும் தடைப்படலாகாது. பிறர் வீட்டுப் பிள்ளை நம் பட்டறைக்கு வந்து கற்க விரும்பினும் மறைக்காது கற்பித்தல் வேண்டும். யவனத் தச்சரோடு ஒரு மண்டபத்தில் ஒன்றாகத் தொழில் செய்த மரபினர்க்கு இது புதிதன்று. நம் சீமையிற் பிள்ளையார்பட்டியிற் பிறந்த கணபதி ஸ்தபதியார், 1957-இல் அரசு மாமல்லபுரத்தில் நிறுவிய சிற்பக் கல்லூரியைப் பல்லாண்டு நடத்தி, வீட்டுக்குள் இருந்த அறிவை வகுப்பறைக்குக் கொணர்ந்தார். குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டுப் பிறப்பிலே திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் கைத்திறத்தின் அடையாளம். மறைத்துக் காத்ததன்று, கற்பித்துக் காத்ததே நிலைத்தது.

தொழிலை விட்டுச் செல்வோர், வேறொன்றை விரும்பிச் செல்வாராயின் மகிழ்வோம். கூலி நிலுவையும் மதிப்பின்மையும் துரத்தச் செல்வாராயின் அது நம் அனைவர்க்கும் இழப்பு. அதனைத் தடுப்பது அரசின் திட்டம் மட்டுமன்று. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நிகழும் சிறு செயலுமாகும். ஆசாரியார் வந்தவுடன் இருக்கை கொடுத்து வேலையைக் கேட்டல், பேசியதை எழுதிக்கொள்ளல், முடிந்தவுடன் முழுக்கூலி கொடுத்தல் என்பன வீட்டார் கடன். சொன்ன நாளில் வருதல், மரத்தின் உண்மையைச் சொல்லுதல், தம் வேலையை ஒரு மழைக்காலம் கழித்து மீண்டும் வந்து பார்த்தல் என்பன நம்மவர் கடன். இவ்விரண்டும் கூடிய வீட்டின் கதவு நூறாண்டு நிற்கும். அதனைச் செய்த கையும் எத்திசையிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

தொழில் வாழ்க! தொழிலறிந்து போற்றும் இல்லறம் வாழ்க!